பாரிஸில் ஒரு வாரம், அப்பா அம்மாவோடு: ஹோட்டலா, அபார்ட்மென்ட் ஹோட்டலா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மே மாதம் பாரிஸில் ஏழு இரவு தங்குகிறீர்கள், நீங்கள், மனைவி, ஏழு வயது மகள், அப்பா, முழங்கால் வலி உள்ள அம்மா என்று ஐந்து பேர், எல்லோரும் சைவம். நல்ல ஹோட்டலில் இரண்டு அறை போடலாமா, இல்லை சமையலறையோடு வரும் அபார்ட்மென்ட் ஹோட்டலில் தங்கலாமா, "வெளிநாட்டுக்கு வந்தும் சமையலா" என்று மனைவி கேட்கிறார், என்ன செய்வது?

அபார்ட்மென்ட் ஹோட்டல்தான். நான் புதுச்சேரிக்காரன், பாரிஸில் இந்த மாதிரி ஓர் இடத்தின் ரிசப்ஷனில் சில வருடங்கள் வேலை பார்த்தேன், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கும் நான்தான் இடம் பார்த்துக் கொடுக்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு எது சரிவரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த இடம், எந்தப் பேட்டை, எத்தனை அறை என்பதில் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் வசதி எல்லாம் தலைவலியாகிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மனைவியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. பாரிஸுக்கு வந்து மூன்று வேளையும் அடுப்படியில் நிற்க வேண்டும் என்றால் யாரும் வர வேண்டாம். காலையில் காபி, பிரெட்டோ உப்புமாவோ, ராத்திரி ஒரு ரசம் சாதம் அல்லது தயிர் சாதம், அவ்வளவுதான் அந்தச் சமையலறையின் வேலை. மதியம் வெளியில் சாப்பிடுங்கள். பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு அபார்ட்மென்ட் தரும் பெரிய லாபம் சாப்பாட்டுச் செலவுகூட இல்லை, மதியம் திரும்பி வந்து படுக்க ஒரு வீடு இருப்பதுதான். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் ஒரு மணிக்கு அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும், குழந்தை சிணுங்கும். ஹோட்டல் அறை என்றால் கட்டிலைத் தவிர உட்கார இடம் இருக்காது, அறையைச் சுத்தம் செய்ய ஆள் வந்துகொண்டிருப்பார். இங்கே சோபா இருக்கும், மேஜை இருக்கும், பாலைச் சூடு பண்ணிக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணயரலாம். மே மாதத்தில் பாரிஸில் சூரியன் மறைய ராத்திரி ஒன்பது, ஒன்பதரை ஆகும், ஆகவே நாலரை மணிக்கு மறுபடி கிளம்பினாலும் முழுதாக ஒரு சாயங்காலம் உங்கள் கையில் இருக்கிறது. இப்படி ஒரு நாளை இரண்டாகப் பிரித்துச் சுற்றியவர்கள்தான் கடைசி நாள்வரை சிரித்த முகமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரே மூச்சில் சுற்றியவர்கள் மூன்றாம் நாளே அப்பா அம்மாவை அறையில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார்கள்.

சரி, அபார்ட்மென்ட் ஹோட்டல் என்றால் என்ன எதிர்பார்க்கலாம்? கட்டடம் ஹோட்டல் மாதிரி, ரிசப்ஷன், லிஃப்ட், சாவி அட்டை எல்லாம் உண்டு. உள்ளே போனால் சிறிய வீடு. பாரிஸில் இரண்டு பெரிய பெயர்கள் அதிகம் கண்ணில் படும். சிட்டாடீன்ஸ், இது சிங்கப்பூரின் அஸ்காட் நிறுவனத்துடையது. அடாஜியோ, இது அக்கோர் ஹோட்டல் குழுமமும் பியர் எ வகான்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2007-ல் தொடங்கியது. இவை இல்லாமல் தனி இடங்களும் நிறைய இருக்கின்றன. தனியார் வீட்டை ஆப்பில் வாடகைக்கு எடுப்பது வேறு விஷயம். அதிலும் நல்ல வீடுகள் இருக்கின்றன, ஆனால் பழைய பாரிஸ் கட்டடத்தில் நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, வளைந்து போகும் மரப்படி என்று வந்துவிட்டால் அம்மாவுக்கு என்ன கதி? அதுவும் தவிர, தனியார் தங்கள் சொந்தக் குடியிருப்பை இப்படி வாடகைக்கு விட நகராட்சி கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. வருடத்துக்கு 120 இரவு என்று இருந்ததை 2025 ஜனவரியிலிருந்து 90 ஆகக் குறைத்துவிட்டார்கள். பதிவு எண் இல்லாத வீடாக இருந்தால் கடைசி நேரத்தில் ரத்தாகும் ஆபத்து உண்டு. பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்த ஆட்டம் வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம், அறை எண்ணிக்கை. நீங்கள் ஐந்து பேர். பிரான்ஸில் அபார்ட்மென்ட்டை எண்ணும் முறை நம் ஊர் மாதிரி இல்லை. நாம் படுக்கையறையை எண்ணிச் சொல்வோம், அவர்கள் ஹாலையும் சேர்த்து எண்ணுவார்கள். "இரண்டு அறை" என்று போட்டிருந்தால் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், அவ்வளவே. "ஸ்டூடியோ" என்றால் எல்லாமே ஒரே அறையில். இரண்டு அறை வீட்டில் நாலு பேர்வரை தங்கலாம், அதில் இரண்டு பேர் ஹாலில் சோபாவை விரித்துப் படுக்க வேண்டும். அந்தச் சோபாக் கட்டிலில் பெரியவர்களைப் படுக்க வைக்காதீர்கள். நடுவில் ஒரு கம்பி முதுகில் உறுத்தும், உயரமும் குறைவு, முழங்கால் வலிக்காரர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். "ஐந்தாவதாகச் சின்னக் குழந்தைதானே, நடுவில் படுத்துக்கொள்ளும்" என்று நாலு பேர் வீட்டுக்கு ஐந்து பேராகப் போய் நிற்கவும் கூடாது. தீ பாதுகாப்பு விதிப்படி எத்தனை பேர் என்பது எழுதி வைத்த கணக்கு, ரிசப்ஷனில் இருப்பவர் மனசு வைத்தாலும் விட முடியாது. அந்த இடத்தில் நின்று நானே பலரிடம் முடியாது என்று சொல்ல வேண்டி வந்திருக்கிறது, சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

உங்களுக்குப் பொருத்தம், ஒரு இரண்டு அறை வீடும் அதே மாடியில் ஒரு ஸ்டூடியோவும். நீங்கள் மூவரும் பெரியதில், அப்பா அம்மா ஸ்டூடியோவில். மூன்று அறை வீடு ஒன்று கிடைத்தாலும் நான் இதைத்தான் சொல்வேன், காரணம் கழிப்பறை. மூன்று அறை வீடாக இருந்தாலும் பல இடங்களில் கழிப்பறை ஒன்றுதான், காலை எட்டு மணிக்கு ஐந்து பேருக்கு அது எப்படிப் போதும்? இரண்டு யூனிட் எடுத்தால் இரண்டு குளியலறை, இரண்டு ஃப்ரிட்ஜ், பெரியவர்கள் சீக்கிரம் எழுந்து விளக்கைப் போட்டாலும் குழந்தை தூங்கும். முன்பதிவு செய்தவுடன் மின்னஞ்சல் அனுப்பி "ஒரே மாடி, பக்கத்துப் பக்கத்தில், பெரியவர்கள் யூனிட்டில் குளியல் தொட்டி வேண்டாம், ஷவர் வேண்டும்" என்று எழுதுங்கள். பாரிஸில் பல குளியலறைகளில் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் ஷவரில் குளிக்க வேண்டும், தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரத்துக்கு வரும், ஈரத்தில் காலைத் தூக்கி வைப்பது அம்மாவுக்கு உண்மையிலேயே ஆபத்து. ஷவர் உள்ள யூனிட்கள் கொஞ்சம்தான் இருக்கும், முன்னாலேயே கேட்பவர்களுக்குத்தான் ஒதுக்குவோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கழிப்பறையில் கைஷவர் இருக்காது. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பேட்டை? எல்லோரும் ஈஃபில் கோபுரம் தெரிகிற இடம் கேட்கிறார்கள். நான் கேட்பது ஒரே கேள்வி: அம்மா எத்தனை படி ஏற வேண்டும்? பாரிஸ் மெட்ரோ நூறு வருடத்துக்கு மேல் பழையது, பெரும்பாலான ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது, ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நீண்ட நடைபாதையும் படியும் உண்டு. எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருப்பது 14-ஆம் எண் பாதையில் மட்டும்தான். 2024 ஜூனில் அதைத் தெற்கே ஓர்லி விமான நிலையம்வரை நீட்டிவிட்டார்கள். அந்தப் பாதையை ஒட்டித் தங்குங்கள். எனக்குப் பிடித்தது பெர்சி பகுதி, கூர் சேன்த்-எமிலியோன் ஸ்டேஷன் பக்கம். ஒரு காலத்தில் பாரிஸுக்கு வரும் ஒயின் எல்லாம் இறங்கிய கிடங்குகள் அங்கே இருந்தன, இப்போது அந்தக் கல் கட்டடங்களைக் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாற்றியிருக்கிறார்கள், வண்டி போகாத கல் பாவிய தெரு, பக்கத்திலேயே பெரிய பூங்கா. உங்கள் மகள் ஓட இடம் இருக்கிறது, அப்பா காலையில் நடக்க இடம் இருக்கிறது. அங்கிருந்து 14-இல் ஏறினால் கார் தெ லியோன், ஷத்லே, பிராமிட், சேன்-லசார் என்று நடு ஊரின் முக்கிய இடங்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். லூவர் அருங்காட்சியகத்துக்குப் பிராமிட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும்.

ஈஃபில் கோபுரத்துக்கு பெர்சி ஸ்டேஷனிலிருந்து 6-ஆம் எண் பாதையில் மாறாமல் நேராகப் போகலாம். பாதி தூரம் தூண்களின் மேல் ஓடும் பாதை அது, கோபுரத்துக்கு இறங்க வேண்டிய பிர்-ஆக்கேம் நிறுத்தத்தை நெருங்கும்போது இல்லை, அதைத் தாண்டி பாஸி பக்கம் போகும்போதுதான் ரயில் சேன் ஆற்றுப் பாலத்தின் மேல் ஓடும், ஜன்னல் முழுக்கக் கோபுரம். ஒரு நிறுத்தம் கூடுதலாகப் போய்ப் பாருங்கள். வேண்டுமானால் அங்கே இறங்கித் திரும்பி வரலாம். படி ஏற முடியாத நாளில் பஸ். ஊருக்குள் ஓடும் பஸ்கள் தாழ்ந்த தளம் உள்ளவை, ஏறுவது சுலபம், ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். 69-ஆம் எண் பஸ் ஈஃபில் கோபுரத்து மைதானம் பக்கமிருந்து லூவர், நகர மன்றம், பஸ்தீல் வழியாகப் போகிறது, சுற்றுலா பஸ்ஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவுக்கு ஒரு டிக்கெட், பஸ்ஸுக்கு வேறு டிக்கெட் என்று ஆக்கிவிட்டார்கள் (அந்த வருடம் மெட்ரோ 2.50 யூரோ, பஸ் 2 யூரோ, விமான நிலையம் 13 யூரோ). மதியம் வீட்டுக்கு வந்து போகும் உங்கள் திட்டத்துக்கு வார அட்டைதான் லாபம். நவிகோ வார அட்டை 2025-ல் 31.60 யூரோ, விமான நிலையம், வெர்சாய் அரண்மனை, டிஸ்னிலாண்ட் போக எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறுவரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. ஆகவே விமான டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் திங்கள் காலை வந்திறங்கும்படி பாருங்கள், ஐந்து பேருக்கு அது நல்ல பணம்.

அடுப்புக்கு வருகிறேன். ரிசப்ஷனில் நம் ஊர்க்காரர்களிடமிருந்து எனக்கு வந்த போன்களில் பாதி அடுப்பைப் பற்றித்தான். சமையலறை என்பது சுவரோரம் ஒரு அலமாரி நீளம்: இரண்டு வளையம் உள்ள கண்ணாடி அடுப்பு, ஒரு சின்ன தொட்டி, மைக்ரோவேவ், கீழே ஃப்ரிட்ஜ், இரண்டு கைப்பிடிப் பாத்திரம், ஒரு தோசைக்கல் அளவு வாணலி, ஆளுக்கொரு தட்டு, ஒயின் கிளாஸ் மட்டும் தாராளமாக இருக்கும். குக்கர், கரண்டி, வடிதட்டு, இடுக்கி, அஞ்சறைப் பெட்டி எதுவும் இருக்காது. அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன். அலுமினியக் குக்கரை ஊரிலிருந்து சுமந்து வந்து அதில் வைத்தால் அடுப்பு "கீ கீ" என்று கத்தும், எண் மின்னும், சூடு ஏறாது. ஒரு கோயம்புத்தூர் அம்மா குக்கரைக் கையில் தூக்கிக்கொண்டே கீழே இறங்கி வந்து "அடுப்பு ரிப்பேர் தம்பி" என்றார். அடுப்பில் ஒரு குறையும் இல்லை, அலுமினியம், பித்தளை, செம்பு எதையும் இண்டக்‌ஷன் ஏற்காது. குக்கர் கொண்டு வந்தே ஆக வேண்டும் என்றால் வீட்டிலேயே ஃப்ரிட்ஜ் காந்தத்தை அதன் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் பெட்டியில் போடுங்கள், வழுக்கி விழுந்தால் வீட்டிலேயே விட்டு வாருங்கள். சாவி படம் போட்ட பொத்தான் குழந்தைகளுக்கான பூட்டு, அதை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால்தான் அடுப்பு திறக்கும், "அடுப்பு எரியவில்லை" என்ற புகாருக்கு இரண்டாவது காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

குக்கர் இல்லாமலே சமாளிக்கலாம் என்பதுதான் என் கருத்து. சூப்பர் மார்க்கெட்டில் "லான்தீய் கொராய்" என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பருப்பு கிடைக்கும், நம் மைசூர் பருப்பேதான், திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். சாதத்தை வடித்துக்கொள்ளலாம். ரசப்பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் கைவசம் இருந்தால் ராத்திரிச் சாப்பாடு அரை மணி நேர வேலை.

தாளிப்பதில் மட்டும் கவனம். அறைக்கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும், சட்டப்படி எல்லா வீட்டிலும் இருந்தாக வேண்டும். மிளகாயைக் கிள்ளிப் போட்டு எண்ணெய் புகைகிற அளவுக்குக் காய்ந்தால் அது அலறும், சில கட்டடங்களில் மாடியே கேட்கும். முதலில் அடுப்புக்கு மேல் இருக்கும் காற்றுறிஞ்சியைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள், எண்ணெயை நடுத்தரச் சூட்டில் வைத்துக் கடுகைப் போட்டதும் மூடிவிடுங்கள். இண்டக்‌ஷனில் எண்ணெய் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் காயும். கருவியின் மேல் ஷவர் தொப்பியை மாட்டுவது, பேட்டரியைக் கழற்றுவது எல்லாம் செய்யாதீர்கள், தூங்கிக்கொண்டிருக்கும் நூறு பேரின் உயிர் சம்பந்தப்பட்ட பொருள் அது.

ஊரிலிருந்து எதைக் கொண்டு வரலாம், எதைக் கூடாது? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டு வரத் தடை. நெய்யும், பால்கோவா போன்ற பால் இனிப்புகளும் இதில் சிக்கும். 2019 டிசம்பரிலிருந்து பச்சை இலை, காய், பழங்களுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலைக் கட்டும் மாம்பழமும் கொண்டு வரக்கூடாது. வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. நெய்க்கு நீங்கள் கவலைப்படவே வேண்டாம், பிரான்ஸ் வெண்ணெய்க்குப் பேர் போன நாடு. உறையில் "டூ" என்று போட்டிருக்கும் உப்பில்லாத வெண்ணெயை வாங்கிச் சின்னத் தீயில் உருக்குங்கள், அந்த வாசனைக்கு அப்பா பேச மாட்டார். பால் வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு முழுக் கொழுப்பு, நீலம் பாதி, பச்சை கொழுப்பு நீக்கியது. ஃபில்டரும் காபிப் பொடியும் கொண்டு வந்தால் சிவப்பு மூடிப் பாலில் நல்ல காபி கிடைக்கும். தயிர் சின்னச் சின்ன டப்பாவில் வரும், "நாத்யூர்" என்று இருந்தால் சர்க்கரை இல்லாதது. மோர் வேண்டுமென்றால் "லே ரிபோ" என்று பாட்டிலில் இருக்கும், பிரித்தானி பகுதிக்காரர்களின் மோர், உப்பும் இஞ்சியும் போட்டால் நம் மோர்தான். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டியதில்லை.

அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி மாவு எல்லாம் லா ஷப்பேலில் கிடைக்கும். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சேன்-தெனி தெருவின் மேல் பகுதியும் அதிலிருந்து பிரியும் கய் தெருவும் முழுக்க இலங்கைத் தமிழர்களின் கடைகள். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்தவர்கள் உருவாக்கிய பகுதி அது, காய்கறிக் கடை, நகைக்கடை, புடவைக்கடை, தமிழ்ப் பலகைகள், எதிரே வருகிறவர் "எந்த ஊர்?" என்று கேட்பார். பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது, 1985-ல் தொடங்கியது. அப்பா அம்மாவுக்கு லூவரைவிட இந்த அரைநாள்தான் அதிகம் நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். வந்த மறுநாளே ஒரு நடை போய்க் கோயில், மதியச் சாப்பாடு, வாரத்துக்கான சாமான் மூன்றையும் முடித்துவிடுங்கள். கார் து நோர் பக்கம் கூட்டத்தில் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். "அப்படியானால் அங்கேயே தங்கலாமே" என்று தோன்றும். இரைச்சலும் நெரிசலும் அதிகம், உங்களுக்கு வேண்டாம், வந்து போகும் இடமாகவே இருக்கட்டும்.

பணம். இணையத்தில் பார்க்கும் விலையோடு தங்கும் வரி தனியாக வரும், பல இடங்களில் அங்கே போய்த்தான் கட்ட வேண்டும். 2024 ஜனவரியில் பாரிஸில் இதை ஏறக்குறைய மூன்று மடங்காக்கினார்கள். நாலு நட்சத்திர இடம் என்றால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 8 யூரோவுக்கு மேல், மூன்று நட்சத்திரம் என்றால் 5 யூரோ சொச்சம். பதினெட்டு வயதுக்குக் கீழே வரி இல்லை, மகளுக்குக் கட்ட வேண்டாம். நாலு பெரியவர்கள், ஏழு இரவு, நாலு நட்சத்திரம் என்றால் வரி மட்டும் 225 யூரோவைத் தாண்டும். அடுப்பும் கட்டிலும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மூன்று நட்சத்திரமே போதும் என்பேன்.

வந்தவுடன் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். அதற்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் பல நாள் முடங்கிக் கிடக்கும், பயணத்துக்கு நடுவில் கார்டில் காசு இல்லாமல் நிற்க நேரிடும். விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள், முன்பதிவுக் கடிதத்தில் ஐந்து பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், இதைக் கேட்டால் அனுப்பித் தருவது அவர்களுக்கு வாடிக்கையான வேலை. விசா கைக்கு வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே போடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

ஹோட்டல் மாதிரி தினமும் கட்டிலைச் சரி செய்ய ஆள் வரமாட்டார். வாரத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் நாலு நாளுக்கு ஒருமுறைதான் சுத்தம் செய்வார்கள். பாத்திரம் கழுவுவது நம் வேலை, கிளம்பும்போது எண்ணெய்ப் பிசுக்கோடு அடுப்பை விட்டுவிட்டுப் போனால் சுத்தம் செய்யக் கட்டணம் போடும் இடங்கள் உண்டு. துணி துவைக்க அடித்தளத்தில் காசு போடும் இயந்திரம் பெரும்பாலும் இருக்கும், நாலாம் நாள் ஒருமுறை துவைத்தால் பெட்டிச் சுமை பாதியாகிவிடும். உங்கள் போன் சார்ஜரில் இரண்டு உருண்டை முள் என்றால் அப்படியே சொருகலாம். மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும், மின்னழுத்தம் நம் ஊர் போலவே 230 வோல்ட். ராத்திரி பத்து மணிக்கு மேல் இரைச்சல் கூடாது, சுவர் மெல்லிசு, மிக்ஸி கொண்டு வருகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் இருவர் மட்டும் மூன்று இரவுக்கு வருகிறீர்கள் என்றால் நான் இத்தனையும் சொல்லியிருக்க மாட்டேன், நடு ஊரில் ஒரு சின்ன ஹோட்டல் போதும், காலையுணவை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஓர் இரவு, இரண்டு இரவுக்கு சமையலறை வெறும் அலங்காரம், வாங்கிய உப்பும் எண்ணெயும் மிச்சமாகிக் குப்பைக்குப் போகும்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: மே 1 அன்று பாரிஸில் லூவர் உட்படப் பல அருங்காட்சியகங்களும் பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும், பஸ்ஸும் குறைவு. அந்த நாள் உங்கள் பயணத்துக்குள் வந்தால் முந்தின நாளே ஃப்ரிட்ஜை நிரப்பிவிட்டு அன்றைக்குப் பூங்காவும் ஆற்றங்கரையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 8-ம் விடுமுறைதான். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல சூப்பர் மார்க்கெட்டுகள் மதியம் ஒரு மணியோடு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும், அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

அறை மாலை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இந்தியாவிலிருந்து வரும் பல விமானங்கள் காலையிலேயே இறங்கிவிடும். பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் பூங்காவில் உட்காரலாம், ஆனால் பெரியவர்களுக்கு அன்று படுக்கைதான் முதல் தேவை, அதனால் ஸ்டூடியோவை மட்டுமாவது சீக்கிரம் தர முடியுமா என்று முந்தின நாளே மின்னஞ்சலில் கேளுங்கள், காலி இருந்தால் கொடுத்துவிடுவார்கள். ரிசப்ஷன் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறதா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள், சில இடங்களில் ராத்திரி ஆள் கிடையாது, கதவுக்கு எண் அனுப்புவார்கள். ஷார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து டாக்ஸிக்கு மீட்டர் இல்லை, கட்டிய விலை: 2025 கணக்கில் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65, பெர்சி வலது கரையில் வரும். அது நாலு பேர்வரை, ஐந்தாவது ஆளுக்குக் கூடுதல் கொடுக்க வேண்டும், வரிசையில் நிற்கும்போதே ஐந்து பேர் ஏறும் பெரிய வண்டி என்று சொல்லுங்கள். உள்ளே நடந்து வந்து "டாக்ஸியா?" என்று கேட்பவர்களோடு போகாதீர்கள், வெளியே பலகை வைத்த வரிசையில் மட்டும் ஏறுங்கள்.

தேதியும் பட்ஜெட்டும் முடிவானதும் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு மூன்று இடங்களின் பெயரை எழுதுங்கள். எந்தத் தெரு, பக்கத்தில் எந்த மெட்ரோ, எத்தனை படி என்று பார்த்துச் சொல்கிறேன்.